பிரிட்டனின் கோடை வானிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகளும், மகன் அல்லது மகள் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்கிப் போக வரும் பெற்றோரும் விமானம் ஏறுவதற்கு முன்பு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பதினெட்டு ஆண்டுகளாக மான்செஸ்டரில் குடியிருப்பவன் என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒருசேர எழுதி வைக்கிறேன்.

பிரிட்டனில் கோடைக்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

வானிலைத் துறையின் கணக்கில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கோடை. வானியல் கணக்கில், ஜூன் 21ஐ ஒட்டி வரும் மிக நீண்ட பகல் நாளில் தொடங்கி, செப்டம்பர் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளில் முடிகிறது. இரண்டு கணக்கையும் வானம் மதிப்பதில்லை. நம் ஊரில் கத்திரி வெயில் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் நாள்காட்டியில் அச்சிட்டு விடலாம். அதற்கேற்பக் கல்யாணத் தேதியைக்கூட மாற்றிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. ஏப்ரல் மாதத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்துக் கிடந்தவர்கள், ஜூன் இரண்டாம் வாரத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலையில் வெயில், மதியம் மழை, மாலையில் மீண்டும் வெயில். ஒரே நாளில் இத்தனை மாற்றம் ஏன்?

பிரிட்டன் அமைந்திருக்கும் இடம்தான் காரணம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது; லண்டன் 51.5 டிகிரியில் இருக்கிறது. துருவப் பக்கமிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும், தெற்கிலிருந்து ஏறிவரும் வெப்பக் காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லை, ஆண்டின் பெரும்பகுதியில் இந்தத் தீவுகளுக்கு மேலேயோ பக்கத்திலேயோ அமைகிறது. அந்த எல்லையை ஒட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் அதிவேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவது அதுதான்.

கோடையில் ஜெட் ஸ்ட்ரீம் வழக்கமாக வடக்கே ஒதுங்கிப் போகும். அப்போது, அட்லாண்டிக் நடுவே உள்ள அசோரஸ் தீவுகளை ஒட்டி நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்தம் பிரிட்டன் வரை பரவி வந்து, காற்றை அடக்கி, மேகத்தைக் கலைத்து, தொடர்ச்சியாகச் சில நாள் நல்ல வெயிலைத் தரும். அந்த ஓட்டம் சில நூறு கிலோமீட்டர் தெற்கே சரிந்துவிட்டாலோ கதை தலைகீழாகிவிடும். 2007ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் கோடை மாதங்களில் நடந்தது இதுதான். 2007இல் ஹல், ஷெஃபீல்டு, டியூக்ஸ்பரி ஆகிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. டியூக்ஸ்பரியின் பழைய தேவாலயம் மட்டும் நீருக்கு நடுவே தீவுபோல நின்ற படத்தைச் செய்தித்தாள்களில் பார்த்த நினைவு பலருக்கும் இருக்கும்.

நம் ஊரில் தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் ஆளுக்குச் சில மாதம் என்று முறை வைத்துக்கொண்டு வீசுகின்றன. இங்கே அத்தகைய முறை எதுவும் இல்லை. மேற்கிலிருந்து வீசினால் கடலின் ஈரம் வரும். வடமேற்கிலிருந்து வீசினால் குளிரோடு விட்டுவிட்டு மழை வரும். கிழக்கிலிருந்து வீசினால் ஐரோப்பிய நிலப்பரப்பின் வறண்ட சூடும், கடலோரத்தில் மூடுபனியும் வரும். தெற்கிலிருந்து வீசினால் ஸ்பெயினுக்கும் அதற்கும் அப்பால் சஹாராவுக்கும் சொந்தமான வெக்கை வந்து சேரும். ஒரே வாரத்துக்குள் இந்த நான்கும் வந்துபோவது இங்கே சாதாரணம். ஆகவே, 'கோடையில் வானிலை எப்படி இருக்கும்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்' என்று கேட்கப் பழகிக்கொள்வது நல்லது.

வெப்பம் எந்த அளவுக்குப் போகும்?

ஜூலை மாதத்தில் லண்டனின் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். எடின்பரோவில் அதைவிட நான்கு டிகிரி குறைவு. இது சராசரிதான். 2003 ஆகஸ்ட் 10 அன்று கென்ட் மாவட்டத்தின் ஃபேவர்ஷாமில் 38.5 டிகிரி பதிவானபோது, இதற்குமேல் போகாது என்று பலரும் நினைத்தார்கள். 2019 ஜூலை 25 அன்று கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் 38.7 டிகிரி பதிவானது. மூன்றே ஆண்டில், 2022 ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாகி, வரலாற்றில் முதன்முறையாக இந்த நாடு 40ஐத் தாண்டியது. அன்று கிழக்கு லண்டனின் ஓரத்தில் உள்ள வெனிங்டன் கிராமத்தில் புல்வெளித் தீ பரவி வீடுகள் எரிந்தன.

பகல், இரவு, தெற்கு, வடக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 1884இல் தொடங்கும் பதிவுகளில் மிக வெப்பமான கோடை 2025ஆம் ஆண்டினுடையது. அதன் சராசரி 16.1 டிகிரி. நம் காதுக்கு அது மார்கழி விடியற்காலை போல ஒலிக்கலாம். இரவு வெப்பத்தையும் ஸ்காட்லாந்து மலைகளையும் சேர்த்து எடுத்த எண் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

வெறும் 28 டிகிரிக்கே வெள்ளைக்காரர்கள் ஏன் இப்படிப் புலம்புகிறார்கள்?

வந்த முதல் ஆண்டில் நானும் இதைக் கேட்டுச் சிரித்தவன்தான். இப்போது முதல் ஆளாகப் புலம்புகிறேன்.

இங்குள்ள வீடுகள் குளிரை வெளியே நிறுத்தவும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவும் கட்டப்பட்டவை. தடித்த செங்கல் சுவர், கூரைக்கு அடியில் கம்பளம்போல விரித்த வெப்பத்தடுப்பு, தரையெங்கும் கார்ப்பெட், சிறிய ஜன்னல்கள். தலைக்கு மேலே மின்விசிறி கிடையாது. பெரும்பாலான வீடுகளில் ஏசியும் கிடையாது. கோடையில் 16 மணி நேரம் வெயில் காய்ந்த சுவர், இரவு முழுவதும் அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மாடியில் உள்ள படுக்கையறையில் இரவு 11 மணிக்கு 29 டிகிரி இருந்த நாட்களில், திருச்சியில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்ததை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன்.

ரயிலும் இதே கணக்கில் மாட்டிக்கொள்கிறது. இந்நாட்டுத் தண்டவாளங்கள் 27 டிகிரியை நடுநிலையாக வைத்து இழுத்துப் பொருத்தப்பட்டவை. நேரடி வெயிலில் இரும்பின் சூடு காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாக ஏறும். அப்போது தண்டவாளம் நீண்டு நெளியும் ஆபத்து இருப்பதால் வண்டிகளின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வெயிலால் ரயில் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டு ஊரிலிருந்து வந்த விருந்தினர்கள் ஏளனம் செய்தால், இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நடுநிலையை உயர்த்தி வைத்தால் குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி வெடிக்கும்.

வெப்ப அலை என்பதற்கும் இங்கே தனி இலக்கணம் உண்டு. தொடர்ந்து மூன்று நாட்கள், அந்தந்த மாவட்டத்துக்கு வகுத்த அளவை உச்ச வெப்பம் எட்ட வேண்டும். அந்த அளவு இடத்துக்கு ஏற்ப 25 முதல் 28 டிகிரி வரை, லண்டனுக்கு 28. பகலில் வெயில் படும் ஜன்னல்களை மூடித் திரையை இழுத்துவிட்டு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதே இங்கு பலன் தரும் வழி. காற்று வரட்டும் என்று நண்பகலில் ஜன்னலைத் திறப்பவர்கள் சூட்டை வலிய விருந்துக்கு அழைக்கிறார்கள்.

பிரிட்டனில் நம் ஊரைவிட மழை அதிகமா?

லண்டனைப் பற்றிக் கேட்டால், இல்லை. லண்டனில் ஓர் ஆண்டில் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். ஆனால் சென்னை தன் கணக்கைச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு எட்டு மாதம் கையை விரிக்கும். லண்டன் தன் கணக்கைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் கொடுக்கும். மேற்கே போகப் போக மழை கூடும். மான்செஸ்டரில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏரி மாவட்டத்தில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் 3000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது மேற்குப்பக்க மலைகளில் என்பதால், கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதியாகிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடியில் வெயில் காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்குள்ள கோடை மழையின் வகைகளுக்குத் தமிழில் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 'டிரிஸில்' என்பது தூறல். காற்றில் மிதந்து வந்து முகத்தை நனைத்தும், தரையை நனைக்காமலும் போகும் ஒரு வகையைத் தென்மேற்கில் டெவன், கார்ன்வால் பகுதிகளில் 'மிஸில்' என்கிறார்கள். அது தூவானத்துக்கு நெருக்கமானது. நான்கு துளி விழுந்து நின்றுவிடும் மழையை, வானம் துப்புகிறது என்பார்கள். வெயில் அடிக்கும்போதே மழையும் பெய்யும் காட்சி, ஊரில் எப்போதாவது நடந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று குழந்தைகள் கூத்தாடும். இங்கே ஜூலை மாதத்தில் வாரத்துக்கு இரண்டு முகூர்த்தமாவது உண்டு.

வானிலை அறிக்கையில் வரும் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

'சன்னி ஸ்பெல்ஸ்' என்றால் பெரும்பாலும் வெயில், நடுநடுவே மேகம். 'பிரைட் இன்டர்வல்ஸ்' என்றால் பெரும்பாலும் மேகம், நடுநடுவே வெளிச்சம். வெயிலுக்கு உத்தரவாதம் இல்லை. 'ரெயின்' என்பது ஒரு பெரிய பரப்பை மூடிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் பெய்யும் மழை. 'ஷவர்ஸ்' என்பது வேறு: காலை வெயிலில் நிலம் சூடாகி, மேலெழும் காற்று மதியத்துக்குள் முட்டைக்கோசுபோல மேகங்களைக் கட்டியெழுப்ப, அவை ஆங்காங்கே பத்து இருபது நிமிடம் பெய்துவிட்டு நகர்ந்து போகும். அதனால்தான் இங்கே விடியற்காலையில் பளிச்சென்ற நீல வானத்தைக் கண்டால் அனுபவசாலிகள் சந்தேகப்படுகிறார்கள். 'ஸ்கேட்டர்ட் ஷவர்ஸ்' என்று சொல்லும் நாளில், உங்கள் தெரு நனைந்து அடுத்த தெரு காய்ந்திருக்கலாம். அறிக்கை பொய் என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை.

கைபேசிச் செயலியில் ஒரு மணிக்கு நேராக 40 சதவீதம் என்று போட்டிருந்தால், அதே போன்ற சூழ்நிலை உள்ள பத்து நாட்களில் நான்கு நாட்கள் அந்த நேரத்தில் அங்கே மழை பெய்யும் என்று பொருள். மழை 40 சதவீத வேகத்தில் பெய்யும் என்றோ, ஊரில் 40 சதவீதம் நனையும் என்றோ பொருள் இல்லை. எனக்குச் செயலியின் எண்ணைவிட, நகரும் மழைப் படத்தைக் காட்டும் ரேடார் பக்கமே அதிகம் பயன்படுகிறது. மழைத்திட்டு எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தை நாமே சொல்லிவிடலாம்.

முன்னறிவிப்பை எத்தனை நாளுக்கு நம்பலாம்?

நாளைக்கும் மறுநாளைக்கும் தாராளமாக நம்பலாம். ஐந்து நாள் வரை போக்கு சரியாக இருக்கும், மணிக்கணக்கு தவறலாம். அதற்கு மேல் உள்ளதைப் படித்து மகிழலாம்.

வானிலையை முன்கூட்டிச் சொல்லிப் பொதுமக்களுக்கு அச்சிடும் வழக்கமே இந்த நாட்டில் தொடங்கியதுதான். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854இல் தொடங்கப்பட்ட வானிலைத் துறையின் முதல் பொறுப்பாளர். 1861 ஆகஸ்ட் 1 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழில் அவருடைய முதல் பொது முன்னறிவிப்பு வெளிவந்தது. தந்தியில் வந்து சேர்ந்த அளவீடுகளை வைத்துக்கொண்டு சொன்னதால், தவறியபோதெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். கேலி இன்றும் ஓயவில்லை. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில், இம்முறை 'பார்பிக்யூ கோடை' அமைய வாய்ப்பு அதிகம் என்று மெட் ஆபீஸ் எனப்படும் அந்த வானிலைத் துறை சொன்னது. அடுப்பை வாங்கி வைத்தவர்களின் தோட்டத்தில் ஜூலை முழுவதும் மழை பெய்தது. மறு ஆண்டே, பொதுமக்களுக்காகப் பருவக் கணிப்பு வெளியிடுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். வாய்ப்பு என்றுதான் சொன்னார்கள், உறுதி என்று சொல்லவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

குடை எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

ஊர்க் குடை வேண்டாம். இங்கே மழையைவிடக் காற்றுதான் குடைக்குப் பகை. தெருமுனை திரும்பியதும் குடை தாமரைபோல மேல்நோக்கி விரிந்துவிடும். பெருமழைக்குப் பிறகு பேருந்து நிறுத்தக் குப்பைத்தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் கிடப்பதைப் பார்க்கலாம். தலைமூடி தைத்த, மெல்லிய, நீர்புகாத மேலங்கி ஒன்றே போதும். மற்றபடி, தடித்த ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிய துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து, கழற்றவும் மாட்டவும் செய்வதே இங்குள்ள வழக்கம். சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் கால்களில் சாக்ஸும் செருப்புமாக வரும் அம்மாக்களுக்கு, தண்ணீர் ஏறாத ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

துணி எப்போது காயப்போடுவது? வடாம் போட முடியுமா?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். காலையில் வேலிக்கு அப்பால் நின்று வானத்தைப் பார்த்து, 'குட் டிரையிங் டே' என்பார். அது வெயிலைப் பற்றிய பேச்சு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்ப்பது காற்றை. வெயில் இருந்து காற்று இல்லாத ஈரமான நாளில் துணி மாலை வரை தொட்டால் சில்லென்றே இருக்கும். மேகமூட்டமாக இருந்தாலும் வறண்ட காற்று வீசும் நாளில் போர்வைகூட இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழைத் துளி விழுந்தால், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் மற்றவர் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம்.

அம்மா வந்திருந்த ஒரு ஜூலை மாதத்தில், தோட்டத்து மேசையில் பாலிதீன் விரித்து ஜவ்வரிசி வடாம் இட்டார். காலை எட்டரைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. பதினொரு மணிக்கு மந்தாரம் போட்டது. பன்னிரண்டுக்குப் பாட்டி கதவைத் தட்டினார். அம்மாவும் நானும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பாலிதீனைப் பிடித்துக்கொண்டு, வடாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் சமையலறைக்குள் கொண்டு போனோம். ஒரு மணிக்கு வெயில் வந்தது. மறுபடியும் வெளியே வைத்தோம். இரண்டே காலுக்கு மறுபடியும் உள்ளே. நான்கு நாள் இந்த உற்சவம் நடந்தது. ஐந்தாம் நாள் மாவு புளித்த வாசனை வரவே, அம்மா அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, 'ஏன்டா, இந்த ஊர்ச் சூரியனுக்கு என்ன பகுதிநேர வேலையா?' என்று கேட்டார்.

அடுத்த முறை ஒரு வழி கண்டுபிடித்தோம். இங்குள்ள பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சிறிய அலமாரி ஒன்று உண்டு. தொட்டியின் சூட்டில் துண்டுகளையும் விரிப்புகளையும் காய வைப்பதற்காகப் பலகைத் தட்டுகள் அடித்திருப்பார்கள். எவர்சில்வர் தட்டுகளில் வடாம் இட்டு அங்கே அடுக்கினோம். இரண்டரை நாளில் கலகலவென்று காய்ந்தது. பொரித்தபோது நன்றாகவும் பொரிந்தது. வெயில் வாசனை இல்லை என்பது மட்டும் அம்மாவின் குறை.

வெயிலே சூடாகத் தெரியவில்லை. தோலுக்குப் பாதிப்பு வருமா?

வரும். ஜூன் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 62 டிகிரி உயரத்தில் நிற்கிறது. புற ஊதாக் குறியீடு 7ஐத் தொடும் நாட்கள் உண்டு. குளிர்ந்த காற்று வீசுவதால் சூடு தெரியாது, ஆனால் கதிர் தன் வேலையைச் செய்துவிடும். மறுபக்கம், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இங்குள்ள வெயிலில் வைட்டமின் டி போதிய அளவு உருவாவதில்லை என்பதால், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கிறதே, எப்படித் தூங்குவது?

ஜூன் 21ஐ ஒட்டி லண்டனில் காலை 4.43க்கு உதிக்கும் சூரியன் இரவு 9.21க்கு மறைகிறது. வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகளில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். ஒளி புகாத தடித்த திரை வாங்கி மாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெளிச்சம் இருக்கும்போது படுக்க மறுக்கும் குழந்தைகளோடு வாதாடிப் பயனில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ரமலான் மாதம் ஜூன், ஜூலையில் வந்தபோது, எங்கள் பகுதித் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் 18 மணி நேரத்துக்கு மேல் நோன்பிருந்தார்கள். நோன்பு திறந்து, இரவுத் தொழுகை முடித்து, சற்றே கண்ணயர்ந்தால் அடுத்த நாள் சஹர் நேரம் வந்துவிடும் என்று சொல்வார்கள்.

கோடையில் சளியும் தும்மலும் விடவே இல்லை. குளிர்தான் காரணமா?

பெரும்பாலும் புல்லின் மகரந்தம்தான் காரணம். மே பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை அது காற்றில் நிறைந்திருக்கும். வந்தவுடன் தாக்காமல், சில ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். எனக்கு நான்காவது கோடையில் தொடங்கியது. மழை பெய்த பிறகு மகரந்தம் அடங்கிவிடுவதால், ஊரே சலித்துக்கொள்ளும் மழை நாளில் என் மூக்கு மட்டும் நிம்மதியாக இருக்கிறது.

மழையால் கிரிக்கெட் ஆட்டங்கள் அடிக்கடி கெடுகின்றனவே, எதற்கு இங்கே விளையாடுகிறார்கள்?

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள். மழையையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். மழை விழுந்ததும் மைதான ஊழியர்கள் கவரை இழுத்துக்கொண்டு ஓடுவதும், பார்வையாளர்கள் இடத்தை விட்டு நகராமல் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பதும், நடுவர்கள் வந்து புல்லை ஷூவால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போவதும் இங்கே தனிக் காட்சி. டென்னிஸில் விம்பிள்டனின் சென்டர் கோர்ட்டுக்கு 2009இல் மூடித் திறக்கும் கூரை போட்டுவிட்டார்கள். கிரிக்கெட்டுக்கு அது நடக்காது. அதற்குப் பதிலாகக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மழையால் ஓவர் குறைந்தால் இலக்கை எப்படி மாற்றுவது என்பதற்கு 1997 முதல் பயன்படும் முறையை வகுத்த டக்வொர்த், லூயிஸ் இருவரும் ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் என்பதில் வியப்பில்லை.

2019 உலகக் கோப்பையில் இந்தியாவும் நியூசிலாந்தும் நாட்டிங்காமில் மோத வேண்டிய ஆட்டம் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. இலங்கைக்கோ பிரிஸ்டலில் இரண்டு ஆட்டங்கள் அப்படியே போயின. அதே தொடரின் அரையிறுதி, எங்கள் ஊர் ஓல்டு டிராஃபோர்டில், ஜூலை 9 அன்று நியூசிலாந்து 46.1 ஓவரில் 211 எடுத்திருந்தபோது மழையால் நின்று மறுநாள் தொடர்ந்தது. மறுநாள் காலை இந்தியா 5 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. ஜடேஜா 77 எடுத்தும், தோனி அரைச்சதம் எட்டி ரன் அவுட் ஆகியும், 18 ஓட்டங்களில் தோற்றது. முதல் நாளே ஆடி முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்குள்ள நண்பர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மேகம் மூடினால் பந்து கூடுதலாக ஸ்விங் ஆகும் என்பது ஆட்டக்காரர்களின் உறுதியான நம்பிக்கை; ஏன் என்பதில் விஞ்ஞானிகள் ஒத்துப்போகவில்லை.

மழையாவது பரவாயில்லை. 1975 ஜூன் 2 அன்று பக்ஸ்டனில் டெர்பிஷயரும் லங்காஷயரும் ஆட வேண்டிய நாளில் மைதானத்தில் பனி கொட்டிக் கிடந்தது. முதல் நாள் கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 167 குவித்த அதே ஆடுகளத்தில், பனி உருகிய மறுநாள் டெர்பிஷயர் 42க்கும் 87க்கும் சுருண்டது. நம்பாதவர்கள் பழைய ஸ்கோர் அட்டையைத் தேடிப் பார்க்கலாம்.

ஜூலை 15 அன்று மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்கிறார்களே?

அது செயின்ட் ஸ்விதின் நாள். ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டரில் ஆயராக இருந்த அவருடைய உடலை 971ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று தேவாலயத்துக்குள் இடம் மாற்றியபோது பெருமழை பிடித்துக்கொண்டது என்பது கதை. நாற்பது நாளும் விடாமல் பெய்ததாகப் பதிவு இல்லை. எனினும், ஜெட் ஸ்ட்ரீமின் போக்கு ஜூலை நடுவில் ஓரளவு நிலைப்பட்டுவிடும் என்பதால், அப்போது உள்ள வானிலையின் சாயல் ஆகஸ்ட் வரை நீடிக்க வாய்ப்பு உண்டு. மார்கழி மேகத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் நம் கர்ப்போட்டக் கணக்கைப்போல, இதிலும் நெடுங்காலம் வானத்தைப் பார்த்தவர்களின் அனுபவம் கொஞ்சம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஆண்டு 1976. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை 15 நாட்கள் தொடர்ச்சியாக இங்கிலாந்தில் எங்காவது 32 டிகிரியைத் தாண்டியது. குழாய் நீர் நின்று, தெருக் குழாய்களில் வரிசை கட்டினார்கள். ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கான அமைச்சராக நியமித்தார்கள். அவர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே மழை கொட்டத் தொடங்கியது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இப்போதும் எந்த வெப்ப அலையையும் 1976உடன் ஒப்பிட்டு, 'இதெல்லாம் ஒன்றுமே இல்லை' என்று தள்ளுபடி செய்துவிடுவார்.

கோடை மழையால் ஆபத்து உண்டா?

உண்டு. தெற்கிலிருந்து வந்த வெக்கையின் மேல் குளிர்ந்த காற்று ஏறும்போது கடும் இடிமழை வெடிக்கும். 1952 ஆகஸ்ட் 15 அன்று டெவனின் லின்மவுத் கிராமத்தில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் 34 பேர் உயிரிழந்தார்கள். 2004 ஆகஸ்ட் 16 அன்று கார்ன்வாலின் பாஸ்காசில் கிராமத்தில் கார்களை வெள்ளம் கடலுக்கு இழுத்துச் சென்றது. ஹெலிகாப்டர்களின் உதவியால் உயிரிழப்பு இல்லாமல் தப்பினார்கள். மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மெட் ஆபீஸ் தரும் எச்சரிக்கைகளில் ஆம்பர் வந்தால் ஓடைக்கரையில் கூடாரம் போடும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

கடற்கரைக்குக் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்குக் கரை என்றால் காற்றின் திசையை. சூடான காற்று குளிர்ந்த வட கடலின் மேல் வீசும்போது மூடுபனி உருவாகிக் கரையேறும். ஸ்காட்லாந்தில் அதை 'ஹார்' என்றும், வடகிழக்கு இங்கிலாந்தில் 'ஃபிரெட்' என்றும் சொல்கிறார்கள். ஒருமுறை எடின்பரோவின் போர்டோபெல்லோ கடற்கரைக்கு, நகருக்கு வெளியே வெயில் கொளுத்துகிறதே என்று பருத்திச் சட்டையோடு போனோம். கடைசித் தெருவைக் கடந்ததும் வெள்ளைச் சுவர்போல அது நின்றது. மணலில் இருந்தபடி அலைச் சத்தம் கேட்டதே தவிர அலையைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வானிலையைப் பற்றியே பேசுகிறார். என்ன பதில் சொல்வது?

ஒத்துக்கொள்ளுங்கள். 'லவ்லி டே, இஸின்ட் இட்?' என்று அவர் கேட்பது வானத்தைப் பற்றிய தகவலுக்காக அன்று. நம் ஊரில் 'என்ன, சாப்டாச்சா?' என்று கேட்பதைப் போன்ற ஒரு விசாரிப்பு. சாப்பாட்டில் என்னென்ன இருந்தது என்று யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. புதிதாக வந்த நாட்களில், 'எங்கள் ஊரில் இதைவிட வெயில் அதிகம்' என்று நான் உண்மையைச் சொல்லி, பேச்சை அங்கேயே முடித்துவிட்டிருக்கிறேன். 'ஆமாம், இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும்' என்று சொல்லியிருந்தால், அவர் தன் ரோஜாச் செடியைப் பற்றியும் மகளைப் பற்றியும் தொடர்ந்திருப்பார்.

கோயில் தேர், பிறந்தநாள் விருந்து போன்றவற்றைத் திறந்தவெளியில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், மழைக்கு ஒரு மாற்று ஏற்பாட்டுடன். லண்டன் ஈலிங்கில் உள்ள கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் ஆகஸ்ட் மாதத்தில்தான் தெருவில் வலம் வருகிறது. இடையில் மழை தூறினால் அம்மன் அருள் என்று சொல்லிக்கொண்டு வடம் பிடிப்பவர்களுக்கு, இந்த நாட்டு வானிலையோடு எந்தச் சண்டையும் இல்லை.

பெற்றோரை எந்த மாதத்தில் அழைத்து வரலாம்?

பள்ளி விடுமுறை ஜூலை கடைசி வாரத்தில் தொடங்குவதால் எல்லோரும் ஆகஸ்ட் மாதத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டாயம் இல்லாதவர்களுக்கு மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை உள்ள ஆறு வாரத்தையே நான் சொல்வேன். பகல் நீண்டிருக்கும், பல பகுதிகளில் மழை ஆகஸ்ட் மாதத்தைவிடக் குறைவாக இருக்கும், விமானச் சீட்டும் மலிவாகக் கிடைக்கும். பெட்டியில் ஒரு ஸ்வெட்டரும் தலைமூடி வைத்த மேலங்கியும் அவசியம். வடாத்தை மட்டும் ஊரிலேயே காய வைத்து எடுத்து வரச் சொல்லிவிடுங்கள்.